ஏமாந்தவன் வேடம்

பிணத்துக்கு ஆறடி மண் தர முடியாது என்று சொல்லிவிட்டார் பாதிரியார்.

பாரிஸ் நகரம். 1673 ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள். இறந்தவருடைய மனைவி பேராயருக்கு விண்ணப்பம் எழுதினார். மன்னன் பதினான்காம் லூயியிடம் முறையிட்டார். சில நாட்கள் கழிந்தன. பிறகு, போனால் போகட்டும் என்பது போல், அனுமதி வந்தது. எத்தகைய அனுமதி? பகலிலே புதைக்கக் கூடாது. இரண்டு பாதிரிமாருக்கு மேல் வரக் கூடாது. கோயிலிலே சிறப்பு வழிபாடு எதுவும் நடத்தக் கூடாது. ஆகவே, 21 ஆம் நாள் இரவு, தீவட்டி வெளிச்சத்திலே, சென்ட் ஜோசப் இடுகாட்டை நோக்கி அந்தச் சவப்பெட்டி சென்றது. பின்னே திரண்டு சென்றது மக்கள் கூட்டம்.

யார் அவர்? கொள்ளைக்காரரா? கொலைகாரரா? நாட்டைக் காட்டிக் கொடுத்தவரா? இல்லை, இல்லை. அவர் மக்களைச் சிரிக்க வைத்தவர். நாடகம் எழுதியவர், எழுதிய நாடகத்திலே தாமே நடித்தவர். மோலியர் என்பது அவர் பெயர். பிரெஞ்சு மொழிக்கு இன்று 'மோலியரின் மொழி' என்றே ஒரு பெயர் வழங்குகிறது. மொழிக்கே பெயராகிப்போன மனிதருக்கு அன்று மண் மறுக்கப்பட்டது!

வகுப்பிலே வரலாறு நடத்தும் நாம், பதினான்காம் லூயி நடத்திய போர்களை ஒன்று, இரண்டு என எண்ணிட்டு எழுதச் சொல்லுகிறோம் மாணவர்களை. அவன் கட்டிய வெர்சேல்ஸ் அரண்மனையின் அழகை விளக்குகிறோம். அந்த அரண்மனையிலே மன்னனையே சிரிக்க வைத்த ஒருவர் எவ்வாறு வாழ்ந்தார், எவ்வாறு புதைக்கப்பட்டார் என்பதைச் சொல்ல நேரமிருப்பதில்லை. ஆனால், ஒரு நாட்டின் மனம் எப்படி மாறிற்று என்பதை அறிய, போர்க்களத்தை மட்டும் பார்த்தால் போதாது. நாடக மேடையையும் பார்க்க வேண்டும்.

பதவியைத் துறந்த இளைஞர்

மோலியரின் இயற்பெயர் ழான் பாப்டிஸ்ட் பொக்லேன். 1622 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள் பாரிஸ் நகரத்துக் கோயில் ஒன்றிலே அவருக்குப் பெயரிட்டனர். எந்தக் கோயில் பாதிரியார் பிற்காலத்திலே அவர் பிணத்துக்கு மண் மறுத்தாரோ, அதே சென்ட் யூஸ்டாஷ் கோயில்தான் அது!

தந்தையார் வசதி படைத்த வணிகர். மெத்தை, திண்டு, திரைச்சீலை, இருக்கை ஆகியவற்றைச் செய்து விற்பது குடும்பத் தொழில். 1631 இல் அவர் அரண்மனையிலே ஒரு பதவியையும் விலை கொடுத்து வாங்கினார். மன்னருடைய படுக்கை, இருக்கைகளைக் கவனிக்கும் பதவி. பதவி என்றால் தகுதிக்குக் கிடைப்பது என்று எண்ணிவிடாதீர்கள். அன்றைய பிரான்சிலே பதவியும் ஒரு கடைச்சரக்கு. தந்தைக்குப் பின் மகனுக்கு அது வந்து சேரும் என்றும் உறுதி செய்தாகிவிட்டது. ஏசு சபையார் நடத்திய கிளேர்மோன் கல்லூரியிலே படிப்பு. கையிலே கல்வி, வீட்டிலே செல்வம், அரண்மனையிலே பதவி. வேறென்ன வேண்டும் ஓர் இளைஞனுக்கு?

இளைஞர் வேண்டியது நாடகம்! 1643 இல் அரண்மனைப் பதவி எனக்கு வேண்டாம் என்றார். இறந்துபோன தாயின் சொத்திலே தமக்குரிய பங்கில் 630 லிவர் பணத்தைப் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஜூன் திங்களிலே, மாதலேன் பெழார் என்னும் திறமை மிக்க நடிகையோடும் வேறு சிலரோடும் சேர்ந்து நாடகக் குழு ஒன்றைத் தொடங்கினார். 'புகழ்மிகு நாடகக் குழு' என்ற பொருளில் பெயர் வைத்தனர். பெயரில் இருந்த புகழ் பெட்டியிலே பணமாகச் சேரவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. மேடைக்கு ஒளி தந்த மெழுகுவர்த்தி வணிகருக்குத் தர வேண்டிய பாக்கிக்காக, 1645 இல் மோலியர் சிறையிலே தள்ளப்பட்டார்.

இங்கே ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். அந்த நாளில் நடிகன் என்றால் யார்? மன்னன் கைகொட்டி மகிழ்வான், பிரபுக்கள் பரிசளிப்பார்கள், ஆனால் திருச்சபை அவனைத் தீண்டாது. நடிப்புத் தொழிலைக் கைவிடுகிறேன் என்று சாகுமுன் உறுதி கூறினாலன்றி, பாரிஸ் நகரத்து நடிகனுக்கு இறுதிச் சடங்கு கிடையாது. இதைத் தெரிந்துகொண்டேதான் வணிகர் மகன் வேடம் கட்டினார். குடும்பப் பெயருக்கு இழுக்கு வரக் கூடாது என்றோ என்னவோ, பொக்லேன் என்ற பெயரை மறைத்து, 1644 முதல் மோலியர் ஆனார்.

ஊர் ஊராக

சிறையிலிருந்து மீண்டவர் பாரிஸை விட்டுப் புறப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகள்! லியோன், துலூஸ், பெசனா, ரூவான் என்று நாட்டின் நகரங்களிலே நாடகம். பிரபுக்களின் மாளிகைகளிலே நடித்தார்கள். சந்தை கூடும் ஊர்களிலே நடித்தார்கள்.

ஊர் சுற்றிய அந்த ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று சொல்ல நாம் ஒப்பமாட்டோம். கல்லூரி அவருக்கு இலத்தீன் தந்தது. சாலை அவருக்கு மனிதரைத் தந்தது. வாயிலே பெரிய சொல்லும் கையிலே சிறிய அறிவும் கொண்ட வைத்தியன், பொய்ப் பெருமை பேசும் சிற்றூர்ப் பிரபு, காசைக் கட்டி அழும் கிழவன், எசமானனைவிட மூளையுள்ள வேலைக்காரன் என்று பிற்காலத்திலே அவர் மேடையேற்றிய மனிதர் வகையெல்லாம் அந்தச் சாலைகளிலே நடமாடியவையே.

மற்றொரு பாடமும் அங்கே கிடைத்தது. கொன்டி இளவரசர் என்பவர் அக்குழுவை ஆதரித்து வந்தார். நாடகத்திலே அவருக்கு அவ்வளவு மோகம். திடீரென்று அவருக்குப் பக்தி பிறந்தது. ஆதரவு அறுந்தது. பக்தி முற்றியதும், நாடகமே பாவம் என்று நூலும் எழுதினார். 1666 இல், அவர் மறைந்த பிறகு, அது வெளியாயிற்று. நேற்று வரை முன்வரிசையிலே அமர்ந்து சிரித்தவர் இன்று சிரிப்பைச் சபிக்கிறார்! இந்தக் காட்சி மோலியரின் உள்ளத்திலே பதிந்திருக்கும் என்று எண்ணுவது தவறாகாது.

1658 அக்டோபர் 24 ஆம் நாள், லூவர் அரண்மனையிலே இளம் மன்னன் முன்னிலையில் நடிக்கும் வாய்ப்பு வந்தது. முதலிலே கோர்னேய் எழுதிய பெருமிதமான சோக நாடகம். அவையிலே பெரிய எழுச்சி இல்லை. முடிந்ததும் மோலியர் மன்னனிடம் பணிவோடு அனுமதி கேட்டு, ஊர்ப்புறங்களிலே தாம் நடித்து வந்த சிறு நகைச்சுவை நாடகம் ஒன்றை ஆடிக் காட்டினார். மன்னன் சிரித்தான், மன்னன் சிரித்ததால் அவையும் சிரித்தது. பாரிஸிலே நாடகக் கூடம் கிடைத்தது. இத்தாலிய நடிகர் குழு ஒன்றும் அதே கூடத்திலே நடித்து வந்தது. முகத்தாலும் உடலாலும் கதை பேசும் வித்தையிலே வல்ல ஸ்காரமூஷ் அக்குழுவின் தலைவர். அவரிடமிருந்து மோலியர் கற்றது ஏராளம்.

சிரிப்பிலே ஒரு சீர்திருத்தம்

அதுவரை நகைச்சுவை என்றால் தடியடி, தடுமாற்றம், ஆள் மாறாட்டம். மோலியர் அவற்றை விட்டுவிடவில்லை. ஆனால், அவற்றினுள்ளே தம் காலத்தை ஏற்றிவைத்தார். 1659 இல் வந்த நாடகத்திலே, பேச்சிலே செயற்கை நாகரிகம் பூசித் திரிந்தோரைக் கேலி செய்தார். கூட்டம் குவிந்தது, பகையும் குவிந்தது.

1662 டிசம்பர் திங்களிலே 'மனைவியர் பள்ளி' என்ற நாடகம். ஆர்னால்ஃப் என்று ஒரு நடுவயதுக்காரன். படித்த பெண் கணவனை ஏமாற்றுவாள் என்பது அவன் சித்தாந்தம். ஆகவே, சின்னஞ்சிறு பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, உலகம் தெரியாமல், அறிவு வளராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி வளர்க்கிறான். வளர்ந்த பின் தானே மணந்துகொள்வது திட்டம். மனைவியின் கடமைகளைப் பட்டியலிட்ட நூலொன்றை அவள் கையிலே கொடுத்துப் படிக்கச் சொல்கிறான். தவறினால் நரகத்துக் கொப்பரை என்று மிரட்டுகிறான். அந்தப் பேதைப் பெண்ணோ, ஓர் இளைஞனைக் கண்டதும், கள்ளங் கபடமில்லாமல் காதலிக்கிறாள். அவனுக்குக் கடிதமும் எழுதுகிறாள். பூட்டி வைத்த அறிவு, பூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது!

ஆர்னால்ஃபாக நடித்தவர் மோலியர். பாரிஸ் சிரித்தது. பழமை விரும்பிகள் சீறினர். நரகத்தைக் கேலி செய்கிறான், வேத வாக்கைக் கேலி செய்கிறான், ஒழுக்கத்தைக் குலைக்கிறான் என்றனர். சொந்த வாழ்வையும் தூற்றினர். தம்மைவிட ஏறத்தாழ இருபது வயது இளைய ஆர்மாந்த் பெழாரை அதே ஆண்டிலேதான் அவர் மணந்திருந்தார். கிழவனுக்கு இளம்பெண்ணா என்று மேடையிலே கேட்டவர், வீட்டிலே அதைத்தானே செய்தார் என்று ஏசினர். ஏசியவர்களுக்கு மோலியர் வழக்குமன்றத்திலே பதில் தேடவில்லை. 1663 இல், அந்நாடகத்தைப் பற்றி நடந்த சண்டையையே ஒரு நாடகமாக்கி மேடையேற்றினார். ஏசியவர்கள் பாத்திரங்களாயினர்!

தார்த்தூஃப்

1664 மே 12 ஆம் நாள், வெர்சேல்ஸ் விழாவிலே 'தார்த்தூஃப்' நாடகம் மூன்று அங்கமாக அரங்கேறிற்று.

கதையைக் கேளுங்கள். ஆர்கோன் செல்வர், நல்லவர், குடும்பஸ்தர். கோயிலிலே ஒரு மனிதனைக் காண்கிறார். அவன் மண்டியிடுகிறான், பெருமூச்சு விடுகிறான், மண்ணை முத்தமிடுகிறான். காசு கொடுத்தால், இது அதிகம் என்று பாதியைத் திருப்பித் தருகிறான். ஆகா, மகான் என்று மயங்கிய ஆர்கோன், அவனை வீட்டுக்கே அழைத்து வருகிறார். வந்தவன் தார்த்தூஃப். உண்கிறான், உறங்குகிறான், உபதேசிக்கிறான். ஊரிலிருந்து திரும்பிய ஆர்கோனிடம், வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் என்று பணிப்பெண் சொல்லுகிறாள். அவர் கேட்பதோ தார்த்தூஃபின் நலம். அவன் வயிறு புடைக்கத் தின்று நன்றாகத் தூங்கினான் என்று அவள் சொல்ல, 'ஐயோ பாவம்' என்று உருகுகிறார். பிறகு, மகளை அவனுக்கே மணமுடிக்கத் துணிகிறார். எதிர்த்த மகனை வீட்டைவிட்டு விரட்டுகிறார். சொத்து முழுவதையும் அவன் பெயருக்கு எழுதி வைக்கிறார். அந்த மகானோ, ஆர்கோனின் மனைவியிடமே கைவரிசையைக் காட்டுகிறான். மேசைக்கு அடியிலே ஒளிந்திருந்து, தம் கண்ணாலே கண்ட பிறகுதான் ஆர்கோனுக்குத் தெளிகிறது. வீட்டைவிட்டு வெளியேறு என்கிறார். வெளியேற வேண்டியவன் நீதான், வீடு என்னுடையது என்கிறான் மகான்!

இந்த நாடகத்திலே மோலியர் எந்த வேடம் கட்டினார்? இங்கேதான் அவருடைய கலையின் உயிர்நாடி இருக்கிறது. தார்த்தூஃபாக நடித்தவர் து க்ருவாசி என்ற வேறொரு நடிகர். மோலியர் நடித்தது ஆர்கோனாக! ஏமாற்றியவன் வேடத்தை அவர் எடுக்கவில்லை. ஏமாந்தவன் வேடத்தை எடுத்துக்கொண்டார். குழுவின் தலைவர், நாடக ஆசிரியர், சிறந்த நடிகர். எந்த வேடமும் அவருக்குத் திறந்திருந்தது. எனினும், நகைப்பின் நடுப்புள்ளியிலே ஏமாந்தவனை நிறுத்தி, அந்த இடத்திலே தாம் நின்றார்.

ஏன்? வேடதாரியைத் திட்டுவது எளிது. ஒரு வேடதாரியைப் பிடித்துக் கொடுத்தால், அடுத்த தெருவிலே இன்னொருவன் முளைப்பான். முளைக்க நிலம் வேண்டுமல்லவா? அந்த நிலம் ஆர்கோனின் மனம். ஆராயாத நம்பிக்கை, கேள்வி கேட்பவரிடம் சினம், நம்பியது பொய்யாகிவிடுமோ என்ற அச்சம் ஆகியவை தழைத்திருக்கும் வரையில் தார்த்தூஃபுகளுக்குப் பஞ்சமில்லை. ஆர்கோனின் கண் திறந்த பிறகும் அவருடைய தாய் நம்பவில்லை. கண்ணால் கண்டேன் என்று மகன் கதறுகிறார். கண் பொய் சொல்லும் என்கிறாள் தாய்! அந்த வீட்டிலே முதலிலிருந்தே உண்மையைக் கண்டு சொன்னவள் யார்? படித்த பெரியவரல்லர், வீட்டுப் பணிப்பெண். அவள் சொல்லுக்கு மட்டும் மதிப்பில்லை.

நாடகம் பார்க்க வந்தவன் தார்த்தூஃபைக் கண்டு சிரித்தால், 'அவன் அயோக்கியன்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவான். ஆர்கோனைக் கண்டு சிரித்தால், 'நம் வீட்டிலும் ஒருவர் வந்து தங்கியிருக்கிறாரே' என்ற எண்ணத்தோடு போவான். முதற் சிரிப்பு பொழுதுபோக்கு. இரண்டாம் சிரிப்பு புரட்சி.

ஐந்தாண்டுப் போர்

இதைப் பார்வையாளர் உணருமுன்பே பகைவர் உணர்ந்தனர். 'திருவருட்சாதனக் கூட்டத்தார்' என்றொரு இரகசியச் சங்கம் பிரான்சிலே இயங்கிற்று. பிரபுக்களும் நீதிபதிகளும் குருமாரும் அதன் உறுப்பினர். பிறர் ஒழுக்கத்தைக் கண்காணிப்பது அவர்கள் தொண்டுகளிலே ஒன்று. நாடகம் அரங்கேறுவதற்கு ஏறத்தாழ ஒரு திங்களுக்கு முன்பே, 1664 ஏப்ரலில், அதனை ஒழிக்க வேண்டுமென்று அவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். பார்க்காத நாடகத்துக்குத் தீர்ப்பு!

மன்னன் நாடகத்தை இரசித்தான். இரசித்துவிட்டு, மக்கள் பார்க்கக் கூடாது என்று தடையும் விதித்தான். அரசனுக்கு அமுதம், ஆண்டிக்கு நஞ்சு! ரூல்லே என்னும் பாதிரியார், மோலியர் மனித உடல் தரித்த பேய் என்றும், தீயிலிட்டுக் கொளுத்தத் தக்கவர் என்றும் எழுதி, அந்த நூலை மன்னனுக்கே படைத்தார். அக்காலத்திலே அது வெறும் வசைமொழியன்று. 1662 இல், சமயத்தைப் பழித்துப் பாட்டெழுதிய குற்றத்துக்காக க்ளோத் லெ பெத்தி என்ற இளங்கவிஞரைப் பாரிஸ் நகரின் நடுவிலே கொன்று எரித்திருந்தார்கள்.

தடை வந்த சில நாட்களுக்குள் நடந்ததாக மோலியரே எழுதிவைத்த செய்தி ஒன்று உண்டு. ஸ்காரமூஷைத் துறவியாகக் காட்டும் நாடகம் ஒன்று அரண்மனையிலே நடந்தது. அதைவிட ஆபாசமான நாடகம் இல்லை. ஆனால், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மோலியர் மீது பாய்ந்தவர்கள் இதைக் கண்டு ஏன் பேசவில்லை என்று மன்னன் கேட்டான். கொன்டே இளவரசர் பதில் சொன்னார்: அந்த நாடகம் கடவுளையும் மதத்தையும்தான் கேலி செய்கிறது, அதைப் பற்றி இவர்களுக்குக் கவலையில்லை, மோலியரின் நாடகமோ இவர்களையே கேலி செய்கிறது, அதைத்தான் இவர்களால் பொறுக்க முடியவில்லை என்ற கருத்திலே.

தடையைக் கண்டு மோலியர் ஓய்ந்தாரா? வீடுகளிலே நாடகத்தைப் படித்துக் காட்டினார். மன்னனுக்கு விண்ணப்பம் எழுதினார். 1665 பிப்ரவரியில் 'தோன் ழுவான்' நாடகத்தை அரங்கேற்றினார். அதிலே ஒரு காட்சி. காட்டிலே ஓர் ஏழை, பிச்சை கேட்கிறான். நாள் முழுவதும் கடவுளை வேண்டுகிறவன். உண்ண ரொட்டி இல்லாதவன். கடவுளைப் பழித்தால் பொற்காசு தருகிறேன் என்கிறான் பிரபு. பட்டினி கிடந்தாலும் பழிக்கமாட்டேன் என்கிறான் ஏழை. மனித நேயத்தின் பேரால் வைத்துக்கொள் என்று காசை வீசுகிறான் பிரபு. இந்தக் காட்சி வெட்டப்பட்டது. பதினைந்து முறை நடந்த பிறகு நாடகமே நின்றது. மோலியர் வாழ்நாளிலே அது அச்சேறவும் இல்லை.

1667 ஆகஸ்டு 5 ஆம் நாள், தார்த்தூஃபைத் திருத்தி, ஐந்து அங்கமாக்கி, 'வஞ்சகன்' என்ற பெயரிலே மீண்டும் மேடையேற்றினார். ஒரே நாள்! மன்னன் போர்க்களத்திலே இருந்தான். நகரத்துத் தலைமை நீதிபதி லமுவாஞோன், மறுநாளே தடை விதித்தார். முன்னே சொன்ன இரகசியச் சங்கத்திலே அவரும் ஓர் உறுப்பினர். அதே திங்களில் பேராயரின் ஆணை வந்தது: அந்த நாடகத்தை நடிப்பவர் மட்டுமல்ல, படிப்பவரும், பிறர் படிக்கக் கேட்பவருங்கூட மதநீக்கம் செய்யப்படுவர்! காதைக்கூட விட்டுவைக்கவில்லை. விண்ணப்பத்தோடு இரண்டு நடிகர்கள் மன்னனைத் தேடி லீல் முற்றுகைக் களம் வரையில் ஓடினார்கள். திரும்பி வந்தபின் பார்ப்போம் என்ற பதிலே கிடைத்தது.

1669 பிப்ரவரி 5 ஆம் நாள் தடை நீங்கிற்று. பாரிஸ் நகரமே திரண்டது. ஐந்தாண்டுத் தடை, நாடகத்துக்கு ஐந்தாண்டு விளம்பரமாயிற்று. 'தார்த்தூஃப்' என்ற பெயர், வேடதாரி என்ற பொருளிலே பிரெஞ்சு மொழியின் பொதுச்சொல் ஆயிற்று. சட்டம் தோற்றது, சிரிப்பு வென்றது!

குறையும் உண்டு

புகழுரை வேறு, வரலாறு வேறு. ஆகவே, மறுபக்கத்தையும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். மோலியர் வென்றது மன்னனின் நிழலிலே நின்று. அவருடைய முதல் மகனுக்கு ஞானத்தந்தையாகப் பெயர் கொடுத்தவன் மன்னன். 1665 இல் அவருடைய குழு மன்னனின் குழு ஆயிற்று. பாதிரியையும் வைத்தியரையும் பிரபுவையும் கேலி செய்தவர், மன்னனைக் கேலி செய்ததில்லை. தார்த்தூஃப் நாடகத்தின் முடிவிலே ஆர்கோனைக் காப்பாற்றுவது யார்? அவருடைய அறிவன்று, மக்கள் எழுச்சியுமன்று. அனைத்தையும் அறிந்த மன்னன் அனுப்பிய அதிகாரி. ஒரு மூடநம்பிக்கையை உடைத்தவர், இன்னொரு நம்பிக்கையை மேடையிலே வணங்கினார்.

பெண்ணின் அறிவைப் பூட்டாதே என்று 1662 இல் சொன்னவர், 1672 இல் 'படித்த மகளிர்' என்ற நாடகத்திலே, அறிவுத் துறையிலே நாட்டம் கொண்ட பெண்களை நகைப்புக்கு ஆளாக்கினார். போலிப் புலமையைத்தான் கேலி செய்தார் என்பார்கள். அது உண்மையாயினும், அன்றைய பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறந்திருக்கவில்லை என்பதை நாம் மறக்க இயலாது. பூட்டிய கதவின் முன்னே நின்று தட்டுபவளைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அந்தச் சிரிப்பு மோலியரின் பெருமையைக் கூட்டவில்லை.

குறை சொன்னோம், ஆனால், நிழலிலே நின்றார் என்பதற்காகக் கோழை என்று சொல்ல மாட்டோம். அரசன் ஆதரவு இருந்தபோதே ஐந்தாண்டு வாய்ப்பூட்டு. அதுவும் இல்லையேல் என்ன நேர்ந்திருக்குமென்று லெ பெத்தியின் சாம்பல் சொல்லும்.

இறுதி வேடம்

நெஞ்சு நோய் அவரை நெடுநாளாக அரித்தது. இருமல் ஓயவில்லை. மூன்று குழந்தைகளிலே இருவரைக் கைக்குழந்தைகளாகவே பறிகொடுத்தார். தொடக்க நாள் தோழி மாதலேன் 1672 இல் மறைந்தார். சாகுமுன் நடிப்பைத் துறப்பதாக அவர் உறுதி கூறியதால் அவருக்கு மண் கிடைத்தது.

1673 பிப்ரவரி 10 ஆம் நாள் அரங்கேறியது கடைசி நாடகம்: 'கற்பனை நோயாளி'. ஆர்கான் என்ற செல்வனுக்கு உடம்பிலே நோயில்லை; மனத்திலேதான் நோய். வைத்தியர் சொன்னபடியெல்லாம் பேதி மருந்து உண்கிறான், குடலைக் கழுவிக்கொள்கிறான், கட்டணம் கட்டுகிறான். மகளையும் ஒரு வைத்தியனுக்கே கட்டிவைக்க விரும்புகிறான். மாப்பிள்ளையாக வந்தவனைப் பற்றி அவன் தந்தை பெருமையோடு சொல்லுவது என்ன? முன்னோர் சொன்னதையே குருட்டுத்தனமாகப் பற்றி நிற்பவன், குருதி ஓட்டம் போன்ற புதுமைகளுக்குச் செவி கொடாதவன் என்பதுதான்! ஆங்கில நாட்டு ஹார்வி, குருதி உடலிலே சுற்றி வருகிறது என்பதை 1628 இலேயே நூலாக வெளியிட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதை மறுப்பது சிலருக்குப் பெருமை. வைத்தியத்திலும் ஒரு தார்த்தூஃப். நோயாளியிலும் ஓர் ஆர்கோன்.

இங்கும் மோலியர் ஏற்றது ஏமாந்தவன் வேடத்தையே. உண்மையாகவே சாகக் கிடந்தவர், நோயில்லாத நோயாளியாக நடித்தார்! அந்த நாடகத்திலே, வைத்தியரைக் கேலி செய்யும் மோலியர் என்ற எழுத்தாளனுக்கு நோய் வந்தால் மருந்து கொடாமல் சாக விடவேண்டும் என்று ஆர்கான் சபிக்கிறான். தம் வாயாலே தம்மையே சபித்துக்கொண்டு, அதற்கும் மக்களைச் சிரிக்க வைத்தார்.

பிப்ரவரி 17 ஆம் நாள். நாலாம் முறையாக நாடகம். நடுவிலே அவருக்கு வலிப்புக் கண்டது. அதைச் சிரிப்பாக மாற்றி மறைத்துக்கொண்டு ஆடி முடித்தார். வீட்டுக்குத் தூக்கிச் சென்றனர். இருமலிலே குருதி கொட்டிற்று. பாதிரிமாரை அழைக்க ஆள் ஓடிற்று. இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் இசைந்து வந்தபோது உயிர் பிரிந்திருந்தது. நடிப்பைத் துறப்பதாக அவர் உறுதி கூறவில்லை. கூற நேரமும் இல்லை. நடிகராகவே இறந்தார். அதன் பின் நடந்ததைத்தான் தொடக்கத்திலே சொன்னோம்.

மண் மறுத்தவர் எங்கே?

வெறுப்பு அவரோடு புதைந்துவிடவில்லை. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1694 இல், புகழ் வாய்ந்த ஆயர் பொசுவே, நாடகத்தைக் கண்டித்து எழுதிய நூலிலே, மோலியர் மேடையிலிருந்து நேரே தெய்வத் தீர்ப்பின் முன் போனதை எடுத்துக்காட்டினார். இறந்தவனையும் மேடையேற்றி எச்சரிக்கை செய்தார்கள்!

ஆனால், காலம் வேறு பக்கம் நடந்தது. 1680 இல் மன்னன் ஆணையால் நடிகர் குழுக்கள் ஒன்றாக்கப்பட்டு, 'கொமெதி ஃப்ரான்சேஸ்' என்னும் நாடக நிறுவனம் பிறந்தது. 'மோலியர் இல்லம்' என்று மக்கள் அதை அழைத்தனர். கற்பனை நோயாளி அமர்ந்த நாற்காலி அங்கே போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. வாழ்நாளிலே அவரை உறுப்பினராக ஏற்காத பிரெஞ்சுக் கழகம், 1778 இல் அவருடைய மார்பளவுச் சிலையைத் தன் மன்றத்திலே வைத்தது. 1789 டிசம்பரில், புரட்சி மன்றம், நடிகருக்கும் ஏனைய குடிமக்களைப் போல் உரிமை உண்டு என்று சட்டம் செய்தது. 1817 இல், அவருடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள், பெர் லஷேஸ் இடுகாட்டிலே சிறப்போடு அடக்கம் செய்யப்பட்டன. 2022 இல், அவர் பிறந்து 400 ஆண்டுகள் நிறைந்தபோது, அறிஞர் முயற்சியால் மீட்டமைக்கப்பட்ட மூன்று அங்கத் தார்த்தூஃபை, எதை மக்கள் பார்க்கக் கூடாது என்று மன்னன் தடுத்தானோ அந்த வடிவத்தை, மோலியர் இல்லத்திலே மக்கள் கண்டனர்.

மண் மறுத்த பாதிரியாரின் பெயரைச் சொல்ல இன்று எத்தனை பேருண்டு? மோலியரின் பெயரோ ஒரு மொழியின் பெயராகிவிட்டது.

ஆயினும், வெற்றி முழுமையடைந்துவிட்டது என்று களிக்க நாம் தயாராயில்லை. தார்த்தூஃப் வேடம் மாற்றிக்கொள்வதிலே வல்லவன். ஒரு காலத்திலே அங்கி அணிவான். ஒரு காலத்திலே மருத்துவன் உடை. ஒரு காலத்திலே அறிஞன் உடை. அவனை அடையாளங் காண்பது கடினம். ஆர்கோனை அடையாளங் காண்பதோ எளிது. சொன்னவன் யாரென்று பார்த்துத் தலையாட்டுகிறவன், சொன்னது என்னவென்று கேட்காதவன், கேட்பவர் மீது சீறுகிறவன் அவன். அவனைத் தேடி அடுத்த வீட்டை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மோலியர் அந்த வேடத்தைப் பிறருக்குக் கொடாமல் தாமே பூண்டதன் பொருள் அதுவே. சிரிப்பவன் முதலிலே தன்னைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டால், அவன் வீட்டு வாசலிலே தார்த்தூஃபுக்கு வேலையில்லை!